கரிநாள் கோழியில் மிஞ்சியதா? சாமை சேர்த்தால் வயிறு நிறையும் சூப்!

அறுக்கும்போதே எலும்பை ஒதுக்குங்கள்... அன்று இரவே முடிவெடுங்கள்!

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், தை 3. பஞ்சாங்கத்தில் அது கரிநாள். நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். ஆனால், கள்ளக்குறிச்சி வட்டாரத்து வீடுகளில் அன்றைக்குத்தான் அடுப்பு நிற்காமல் எரியும். இரண்டு நாள் சைவமாக இருந்த வீட்டில் அன்று கறி வாசம். கோமுகி அணையைத் தாண்டி கச்சிராயபாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று கல்வராயன் மலைக் கிராமங்கள். அங்கேயும் புறக்கடையில் மேய்ந்த சேவலும், முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையும் அன்றுதான் குழம்புச் சட்டிக்கு வரும். கட்டிக்கொடுத்த பெண், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்திருப்பார்கள். 'பத்தாமல் போய்விடக் கூடாதே' என்று ஒரு கோழி போதுமான இடத்தில் இரண்டாக அறுப்பார்கள்.

மிஞ்சத்தான் செய்யும். குழம்பில் கழுத்தும் முதுகெலும்பும் கிடக்கும். வறுவலில் பிள்ளைகள் தொடாத துண்டுகள் இருக்கும். சட்டியை அப்படியே அடுப்பின் மேல் மூடி வைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் பாட்டி, 'நல்லா கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிடும்' என்பார். பட்டணத்திலிருந்து வந்த மகள், 'கொட்டிடும்மா' என்பார். ஆறேழு மாதம் தீனி போட்டு, கீரிக்கும் பருந்துக்கும் தப்பவைத்து வளர்த்த கோழி. அதைக் கொட்டவும் மனம் வராது. நம்பிச் சாப்பிடவும் பயம்.

இந்த வழக்கில் மகள் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால், கோழியை வீணாக்க வேண்டிய அவசியமும் இல்லை. மிச்சக் கோழியில் நல்ல சூப் வைக்கலாம். அதை மறுநாள் காலையில் யோசிக்கக் கூடாது. கோழியை அறுக்கும்போதும், அன்று இரவு படுக்கும் முன்பும் முடிவு செய்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கொதிக்க வைத்தால் போதாதா?

குழம்பை இரவும் காலையும் கொதிக்க வைத்து, சுண்டச் சுண்டச் சாப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. கொதிக்கும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். புளியும் உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும் மீன் குழம்புக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். புளி குறைவாகவும், தேங்காய் அரைத்தும் வைக்கும் கோழிக் குழம்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சில கிருமிகள் கொதிக்கும் சூட்டிலும் சாகாத வித்துகளாக மாறிச் சட்டிக்குள்ளேயே தங்கிவிடும். 'க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்பது அப்படிப்பட்ட ஒன்று. பெரிய பாத்திரத்தில் இறைச்சி சமைத்து, மெதுவாக ஆறவிடும் இடங்களில் இது அதிகம் காணப்படும். குழம்பு ஆறி 40 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டிய வெதுவெதுப்பில் இருக்கும்போது அந்த வித்துகள் முளைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு மடங்காகப் பெருகும். அந்தக் குழம்பைச் சாப்பிட்டால் 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் வயிறு பிசையும், வயிற்றுப்போக்கு ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அந்த ஒரு நாளே நீர்ச்சத்தை உறிஞ்சிவிடும். மலைக்கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரும் தூரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கிருமி, உணவில் நஞ்சைக் கக்கி வைத்துவிடும். நம் கையிலும் மூக்கிலும் இருக்கும் 'ஸ்டெஃபைலோகாக்கஸ்' அந்த வகை. காலையில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது விட்டுப்போன நஞ்சு சாகாது. வாசனையிலும் ருசியிலும் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான், 'மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு' என்ற சோதனை செல்லாது.

ஆகவே கணக்கு இதுதான்: சமைத்த கறி, ஒன்று 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் 1 மணி நேரம்தான். மார்கழி, தைக் குளிரில் மலையில் கை விறைத்தாலும், மூடிய சட்டிக்குள் இருக்கும் குழம்பு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர் காலம் என்பதால் சட்டி தப்பிக்காது.

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். வீட்டுக்கு ஒரு வான்கோழியைச் சுட்டுச் சாப்பிடுவார்கள். மறுநாள் அதன் எலும்புக்கூட்டைக் கொதிக்க வைத்து, பார்லியோ அரிசியோ போட்டு சூப் வைப்பது அங்கே வழக்கம். அவர்களுக்கும் அரசாங்கம் சொல்வது இதே 2 மணி நேரக் கணக்கைத்தான். பார்லி இடத்தில் நமக்குச் சாமை இருக்கிறது. மலையில் ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த சாமை அறுவடை முடிந்து, பொங்கல் சமயத்தில் வீட்டில் புதுச் சாமை இருக்கும். கோழியும் சாமையும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் மாதம் தை.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்...

இங்கே கோழி அறுக்கும் நேரத்திலேயே வேலை தொடங்க வேண்டும். கறி வெட்டும்போது கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி, மஞ்சள் தடவி வாட்டிச் சுத்தம் செய்த கால்கள் ஆகியவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். இவைதான் கடைசியில் குழம்பில் மிஞ்சிக் கிடப்பவை. சதைத் துண்டுகளை மட்டும் குழம்புக்கும் வறுவலுக்கும் போட்டால், சமைக்கும் அளவும் குறையும், மிச்சமும் குறையும். ஒதுக்கிய எலும்பை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே அடுப்பில், அதே தணலில் ஏற்றிவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சூப் தயார். மறுநாளுக்கு மிச்சம் வைக்கும் பேச்சே இல்லை.

வறுவலில் மதியம் மிஞ்சிய துண்டுகளையும் உடனே சூப் சட்டியில் சேர்த்துவிடுங்கள். சட்டி ராத்திரிச் சாப்பாடு வரை தளதளவென்று கொதித்துக்கொண்டோ, தணலில் ஆவி பறக்கும் சூட்டிலோ இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில்...

சாப்பாடு முடிந்த கையோடு எலும்பிலிருந்து சதையைப் பிய்த்து ஒரு டப்பாவிலும், எலும்பை இன்னொரு டப்பாவிலும் போட்டு மூடி உள்ளே வைத்துவிடுங்கள். சட்டியோடு தூக்கி வைக்கக் கூடாது. பெரிய சட்டியின் நடுப்பகுதி ஆற ஃபிரிட்ஜுக்குள்ளேயே பல மணி நேரம் ஆகும். 2 அங்குல ஆழத்துக்கு மேல் போகாத அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்துக் கிளறிவிட்டால் சீக்கிரம் ஆறும். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். இலை, தட்டில் போட்டு, கடித்து வைத்த எலும்பைச் சூப்புக்கு எடுக்க வேண்டாம். கரண்டியில் பரிமாறும் முன் சட்டியில் இருந்தது மட்டும் போதும்.

ஃபிரிட்ஜில் வைத்த கறியை 3 முதல் 4 நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால், கறியை நம்ப வேண்டாம்.

சாமைக் கோழி சூப்: செய்முறை

தேவையானவை (5 முதல் 6 பேருக்கு): கோழி எலும்பு அரை கிலோ, பிய்த்த கறி ஒரு பெரிய கிண்ணம், தண்ணீர் 2 லிட்டர், சாமை அரிசி 75 கிராம், சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி 2, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், தனியா 1 டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், நறுக்கிய காய் (அவரை, கேரட், முருங்கை, எது இருக்கிறதோ அது) ஒரு கிண்ணம், முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு.

1. குழம்பில் கிடந்த எலும்பு என்றால், ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துவிடுங்கள். தேங்காய் மசாலா அப்படியே போனால் சூப் கலங்கிப் போகும், காரமும் ஏறும்.

2. பெரிய எலும்புகளை அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டுங்கள். கீறல் விட்டால் போதும், நொறுக்க வேண்டாம். உள்ளிருக்கும் மஜ்ஜை சாற்றில் இறங்கும்.

3. எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மஞ்சள் தூள், பாதி வெங்காயம், பாதி பூண்டு சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு, தீயைக் குறையுங்கள். புரட்டிப் புரட்டிக் கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கலாகும். ஓரத்தில் மட்டும் மொட்டு மொட்டாகக் கொதிக்கும் தீ போதும்.

4. ஏற்கெனவே வெந்த எலும்புக்கு ஒன்றேகால் மணி நேரமும், பச்சை எலும்புக்கு 2 மணி நேரமும் வேண்டும். குக்கரில் வைத்தால் 5 விசில் விட்டு, சிறு தீயில் 20 நிமிடம்.

5. சாற்றை வடிகட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். குழந்தைகள் குடிக்கும் சூப்பில் ஒரு சிலாம்புகூட இருக்கக் கூடாது.

6. வடிகட்டிய சாற்றை மறுபடி கொதிக்கவிட்டு, கழுவிக் கல் அரித்த சாமையைப் போடுங்கள். 15 நிமிடத்தில் குழையத் தொடங்கும். அப்போது காய், தக்காளி, உப்பு சேருங்கள்.

7. மிளகு, சீரகம், தனியா, மீதி வெங்காயம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை அம்மியில் கொரகொரப்பாக நசுக்கிச் சேருங்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசப்பொடி வாசம்தான் வரும். நசுக்கினால்தான் சூப்புக்கு வாசம்.

8. பிய்த்த கறியைக் கடைசியில் போட்டு, எல்லாம் சேர்ந்து 5 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். முன்பே போட்டால் கறி நார் நாராகப் போய்விடும். முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு பிழிவதாக இருந்தால் இறக்கிய பிறகு பிழியுங்கள்.

கெட்டியான கஞ்சிக்கும் தண்ணியான ரசத்துக்கும் நடுப்பதத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் குடித்தால் ராத்திரிக்கு வேறு சாப்பாடு தேவைப்படாது. ஆற ஆறச் சாமை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பரிமாறும்போது கொஞ்சம் வெந்நீர் கலந்து, ஒரு கொதி விட்டால் பதம் திரும்பிவிடும்.

மலையில் ஏன் கூடுதல் நேரம்?

மலைமேல் கோழி வேகவில்லை என்று சிலர் விறகைக் குறை சொல்வதுண்டு. காரணம் விறகில்லை, உயரம். ஏறத்தாழ ஒவ்வொரு 1,000 அடிக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு 1 டிகிரி குறையும். 3,000 அடி உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். மலையில் இருப்பவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைக்க வேண்டும், அல்லது குக்கரை எடுக்க வேண்டும்.

கோழியின் வயதும் முக்கியம். பிராய்லரை 35 முதல் 42 நாட்களில் பிடித்துவிடுகிறார்கள். எலும்பு முற்றுவதில்லை, முக்கால் மணி நேரத்திலேயே அது சாறு விட்டுவிடும், அதற்கு மேல் நொறுங்கும். நாட்டுக்கோழி ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடியாடி வளர்ந்தது. மூட்டு, தோல், நரம்பில் இருக்கும் 'கொலாஜன்' இறுகிப் போயிருக்கும். அது மெதுவான சூட்டில் நேரம் எடுத்துக் கரைந்துதான் 'ஜெலட்டின்' ஆகும். உதட்டில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு அதுதான். கறிக்குக் கடினம் என்று ஒதுக்கும் கிழட்டுப் பெட்டைக் கோழிதான் சூப்புக்கு முதல் தரம்.

எலும்பு சாறு குடித்தால் எலும்பு உறுதியாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எலும்பில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால், 2 மணி நேரக் கொதியில் அது சாற்றுக்குள் இறங்குவது மிகக் குறைவு. சூப்பில் கிடைப்பது ஜெலட்டின், பிய்த்துப் போட்ட கறியின் புரதம், சாமையின் நார்ச்சத்து, கீரையின் சத்து, கூடவே பசியைக் கிளப்பும் ருசி. கால்சியம்தான் வேண்டும் என்றால் அது மலையில் விளையும் இன்னொரு தானியத்தில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. இரண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து சூப்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால், கெட்டியும் ஆகும், கணக்கும் சரியாகும்.

எலும்பும் இறகும் எங்கே போகும்?

சூப் வடிகட்டிய எலும்பு, தோட்டத்துக்கு உரம். எலும்பில் மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. எலும்புத்தூள் உரம் கடையில் விற்பதும் இதற்காகத்தான். நன்றாக வெந்த எலும்பைக் காயவைத்து, இடித்து, எலுமிச்சை, மா, தென்னை மரங்களைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் தொழுவுரத்தோடு புதைக்கலாம். மேலாகப் போட்டால் நாய் கிளறிவிடும்.

இறகு, குடல், கழுவிய தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. பண்டிகைக்கு வெளியிலிருந்து வாங்கிவந்த கோழியின் கழிவைப் புறக்கடையில் வீசினால், நம் கோழிகள் அதைக் கொத்தும். வெள்ளைக்கழிச்சல் நோய் இந்த வழியிலும் வீட்டுக்குள் வரும். குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மூடிவிடுங்கள். பொங்கல் முடிந்து வரும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை, கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். மிச்சமிருக்கும் கோழிகளுக்கு அப்போது தவறாமல் ஊசி போட்டுவிடுங்கள். சோர்ந்து, கழிந்துகொண்டிருக்கும் கோழியை, 'செத்துப் போவதற்குள் அறுத்துவிடலாம்' என்று சட்டிக்குக் கொண்டுவரவே கூடாது.

கேள்வி - பதில்

'ஃபிரிட்ஜில் வைத்த சூப் கூழ் போல உறைந்துவிட்டது. கெட்டுவிட்டதா?'

இல்லை. ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூடாக்கினால் இளகிவிடும். மேலே படிந்திருக்கும் கொழுப்பு வேண்டாம் என்றால், சூடாக்கும் முன் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம்.

'எத்தனை முறை சூடாக்கிக் குடிக்கலாம்?'

ஒரு முறைதான். குடிக்கப் போகும் அளவை மட்டும் தனியாக எடுத்து, கொதி வரும்வரை சூடாக்குங்கள். மொத்தச் சட்டியையும் சூடாக்கி, ஆறவைத்து, திரும்ப உள்ளே வைப்பதுதான் கிருமிக்கு வழி திறப்பது.

'சாமை இல்லை. மரவள்ளிக் கிழங்கு போடலாமா?'

போடலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் அதுதான் தாராளமாகக் கிடைக்கும். தோல் சீவி, துண்டு போட்டு, தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சேருங்கள். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை அந்தத் தண்ணீரோடு போய்விடும். தினை, வரகு, குதிரைவாலியும் பொருந்தும்.

'வெந்த கோழி எலும்பை நாய்க்குப் போடலாமா?'

வேண்டாம். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். காவலுக்கு இருக்கும் நாய்க்கு வடிகட்டிய சக்கையில் எலும்பில்லாத சதை, தோல் மட்டும் போதும். வெங்காயம், பூண்டு அதற்கு ஆகாது, எடுத்துவிடுங்கள்.

'நேற்றிரவு வெளியிலேயே வைத்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?'

கொட்டிவிடுங்கள். கோழிக்கும் நாய்க்கும்கூட வைக்க வேண்டாம். உரக்குழியில் ஆழமாகப் புதையுங்கள். போனது ஒரு சட்டிக் குழம்பு. அடுத்த கரிநாளுக்கு, அறுக்கும்போதே எலும்பை ஒதுக்கிவிடுங்கள்.